சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்: ஒரே மேடையில் 100 புதிர்களைச் சமாளித்தவரின் கதை

காலையில் வேர்டில், மதியம் சுடோகு, ராத்திரி ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டுவிட்ட எமோஜி புதிர். 5 எழுத்துச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் அதை ஸ்டேட்டஸில் வைக்கிற காலம் இது. 1907-ம் ஆண்டு மார்ச் 10-ம் தேதி, சென்னை விக்டோரியா அரங்கில் 32 வயது இளைஞர் ஒருவர் 100 சவால்களை ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விடை சொல்லி முடித்தார். கையில் பேப்பர் இல்லை, பென்சில் இல்லை. அவர்தான் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அவருடைய பாடல் ஒன்றைப் படித்திருப்பீர்கள். பாடலுக்குக் கீழே நூலாசிரியர் குறிப்பு என்று ஒரு பெட்டிச் செய்தியும் இருக்கும். ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்துவிட்டு நாம் கடந்துவந்த வாழ்க்கை அது.

இப்போது ஏன் அவரைப் பற்றிப் பேச வேண்டும்? வயதானவர்களுக்கு மறதி வராமல் இருக்க, குழந்தைகளுக்கு மூளை வேகமாக வேலை செய்ய என்று சொல்லி ஏகப்பட்ட ஆப்கள் வந்துவிட்டன. மாதச் சந்தா கட்டச் சொல்கின்றன. எங்கள் குன்னத்தூர், பெருமாநல்லூர், ஊத்துக்குளி பக்கம் பல வீடுகளில் அப்பா, அம்மா இருவருமே பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். ஸ்கூல் விட்டு வந்த பிள்ளையும் அப்பத்தாவும் மட்டும்தான் சாயங்காலம் வரை வீட்டில். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு செல்போன். அந்த வீட்டுக்கு ஆப் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், செல்போன் இல்லாத காலத்தில் சொல்லையும் நினைவையும் வைத்தே ஒருவர் என்னவெல்லாம் செய்தார் என்று ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது.

யார் இந்தச் செய்குத்தம்பி?

1874-ம் ஆண்டு ஜூலை 31-ம் தேதி, நாகர்கோவிலை அடுத்த கோட்டாறு பகுதியில் உள்ள இடலாக்குடியில் பிறந்தவர். தந்தை பக்கீர் மீரான் சாகிபு, தாய் அமீனா. வசதியான குடும்பம் கிடையாது.

இன்று இடலாக்குடி கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அவர் பிறந்தபோது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ம் தேதிதான் அந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. அதாவது, அவர் இறந்து 6 ஆண்டுகளுக்கும் பிறகு. தமிழுக்காகவே அறியப்பட்ட ஒரு புலவர், தன் சொந்த ஊர் தமிழ்நாட்டு வரைபடத்துக்குள் வந்ததைப் பார்க்கவே இல்லை.

சமஸ்தானத்துப் பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான். வீட்டுச் சூழலில் அரபு. தமிழ் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை. தேடிப்போய்த்தான் படித்தார். கோட்டாறு சங்கரநாராயண அண்ணாவியிடம் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்றுக்கொண்டார். 15 வயதிலேயே செய்யுள் எழுதத் தொடங்கிவிட்டார்.

அந்தக் காலத்தில் செய்யுள் எழுதுவது என்றால் நினைத்ததை வரி வரியாக உடைத்துப் போடுவது கிடையாது. வெண்பா என்றால் எந்தச் சீருக்குப் பிறகு எந்தச் சீர் வரலாம் என்று கறாரான விதி உண்டு. முதல் மூன்று அடிகளில் நான்கு சீர், கடைசி அடியில் மூன்று சீர். எதுகை, மோனை தனி. ஒரு சொல் பொருந்தவில்லை என்றால் அதே பொருளில் இன்னொரு சொல்லைத் தேட வேண்டும். அதுவும் பொருந்தவில்லை என்றால் வாக்கியத்தையே திருப்பிப் போட வேண்டும். குறுக்கெழுத்துக் கட்டத்தை நிரப்புகிறவர் செய்கிற அதே வேலைதான். ஒரே வித்தியாசம், கட்டமும் மனதுக்குள், குறிப்பும் மனதுக்குள்.

சென்னைக்கு ஏன் வந்தார்?

அந்தக் காலத்தில் தமிழ்ப் புலவர்களுக்கு வேலை கிடைத்த முக்கியமான இடம் சென்னையின் அச்சுக்கூடங்கள். ஓலைச்சுவடிகள் புத்தகமாக மாறிக்கொண்டிருந்த நேரம். பாவலரும் சென்னைக்கு வந்து, அச்சாகும் நூல்களைப் பார்த்துத் திருத்துகிற பணியில் இருந்தார்.

அங்கே அவர் செய்த பெரிய காரியம், சீறாப்புராணத்துக்கு உரை எழுதியது. உமறுப்புலவர் பாடிய அந்தக் காப்பியம் நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சொல்வது. 5,000-க்கும் மேற்பட்ட பாடல்கள். ஒவ்வொரு பாடலையும் சொல் சொல்லாகப் பிரித்து, எங்கே சேர்ந்திருக்கிறது, எங்கே பிரிக்கலாம், எந்தப் பொருள் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். அரபுச் சொற்கள் தமிழ் ஒலிக்குள் வந்திருக்கும். அதையும் அடையாளம் காண வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரால்தான் முடியும்.

பாவலரின் நினைவாற்றலைப் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மேடையில் பார்த்தது மேஜிக் மாதிரி இருந்திருக்கும். ஆனால், அதற்கு முன்னால் பல ஆண்டுகள் தமிழோடு தினமும் புழங்கிய உழைப்பு இருந்தது.

அவதானம் என்றால் என்ன?

அவதானம் என்றால் கவனித்தல். நல்ல தமிழில் கவனகம் என்றும் சொல்வார்கள். சதம் என்றால் நூறு. ஒருவரின் புலமை, நினைவாற்றல், நுண்ணறிவு மூன்றையும் சோதிப்பதற்காக ஒரே அமர்வில் 100 சவால்களைக் கொடுத்து, எல்லாவற்றையும் நினைவில் வைத்து விடை சொல்லச் செய்வதுதான் சதாவதானம்.

இதில் லெவல்கள் உண்டு. 8 என்றால் அட்டாவதானம். 10 என்றால் தசாவதானம். 16 என்றால் சோடசாவதானம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரான சுப்பராய செட்டியாருக்கு சோடசாவதானம் என்பது பெயரோடு ஒட்டிய அடைமொழியாகவே ஆகிவிட்டது. 100 என்பது அதற்கெல்லாம் மேலே.

என்ன மாதிரி சவால்கள்? அவதானக் கலையில் பொதுவாக வருபவை இவை:

* ஒருவர் வெண்பாவின் கடைசி அடியை மட்டும் கொடுப்பார். அதற்கு முன்னால் வர வேண்டிய மூன்று அடிகளையும் பாடி முடிக்க வேண்டும். இதற்கு ஈற்றடி கொடுப்பது என்று பெயர்.
* ஒருவர் இடையிடையே மணி அடிப்பார். மொத்தம் எத்தனை முறை அடித்தது என்று கடைசியில் சொல்ல வேண்டும்.
* இன்னொருவர் முதுகில் சிறு கல்லோ நெல்லோ எறிந்துகொண்டிருப்பார். அதற்கும் கணக்கு.
* ஒருவர் பெருக்கல், வகுத்தல் கணக்குப் போடுவார். இன்னொருவர் ஒரு தேதியைச் சொல்லி கிழமை கேட்பார்.
* ஒருவர் இலக்கணத்தில் சந்தேகம் கேட்பார். இன்னொருவர் சம்பந்தமே இல்லாமல் பேச்சுக் கொடுத்துக் கவனத்தைக் கலைப்பார்.

அவதானக் கலை பெரிதாக வளர்ந்த தெலுங்கில் இன்னும் இரண்டு விளையாட்டுகள் உண்டு. ஒரு செய்யுள் வரியின் எழுத்துகளைக் கலைத்து, 7-வது எழுத்து இது, 2-வது எழுத்து இது என்று இடையிடையே சொல்வார்கள். கடைசியில் முழு வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்றில், அவதானி அடுத்து எந்த எழுத்தைப் போடப்போகிறார் என்று ஊகித்து, அந்த எழுத்தைத் தடை செய்வார்கள். அவர் வேறு எழுத்தில் தொடர வேண்டும். முதலாவது, இன்று நாம் ஜம்பிள் என்கிறோமே, அது. இரண்டாவது, வேர்டிலைத் தலைகீழாக விளையாடுவது போல.

ஒரு சின்னத் தகவல். உலகின் முதல் குறுக்கெழுத்துப் புதிரை ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் வெளியிட்டது 1913 டிசம்பர் 21-ம் தேதி. பாவலர் விக்டோரியா அரங்கில் உட்கார்ந்தபோது குறுக்கெழுத்து என்ற ஒன்று பிறக்கவே இல்லை.

1907 மார்ச் 10: அன்று என்ன நடந்தது?

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ரிப்பன் கட்டடத்தை ஒட்டி நிற்கிறதே சிவப்பு நிறத்தில் ஒரு பழைய கட்டடம், அதுதான் விக்டோரியா அரங்கம். விக்டோரியா ராணியின் பொன்விழா நினைவாகக் கட்டப்பட்டது. அன்றைய சென்னையில் பெரிய கூட்டங்களும் நாடகங்களும் நடந்த இடம்.

அங்கேதான் அறிஞர்கள் பலர் முன்னிலையில் பாவலர் 100 செயல்களையும் செய்து காட்டினார். சபை அவரைச் சதாவதானி என்று பாராட்டியது. அன்று முதல் அது அவர் பெயரின் முன்பகுதி ஆகிவிட்டது.

சென்னைச் சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் சும்மா கைதட்ட வந்தவர்கள் இல்லை. தவறு கண்டுபிடிக்க வந்தவர்களும் இருப்பார்கள். கேள்வி கேட்பவர்களுக்கு அது ஒரு போட்டி. மலையாளப் பள்ளியில் படித்த, சமஸ்தானத்து ஊரிலிருந்து வந்த, வசதி இல்லாத ஒரு முஸ்லிம் இளைஞர், தமிழ்ப் புலமையைச் சோதிக்கிற மேடையில் உட்காருகிறார். ஒரு வெண்பா தளை தட்டினால்கூடப் போதும். அதோடு அவர் பெயர் போயிருக்கும்.

பொறி வைத்த ஈற்றடி

பாவலரைப் பற்றித் தமிழ் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அவதானத்தின்போது ஒருவர் அவரை மடக்குவதற்காகவே ஓர் ஈற்றடி கொடுத்தாராம்.

அந்த அடி துருக்கன் என்ற சொல்லோடு தொடங்குகிறது. பழைய பேச்சுவழக்கில் முஸ்லிம்களைக் குறிக்கப் பயன்பட்ட சொல் அது. அந்தத் துருக்கனுக்கு இராமன்தான் துணை என்பது போலப் பொருள் வருகிறது. பாட மறுத்தால் புலமை இல்லை என்று ஆகும். அப்படியே பாடினால், சொந்த நம்பிக்கையை மேடையில் விட்டுக்கொடுத்தது போல ஆகும். கோபப்பட்டால் கவனம் சிதறும். மீதி 99-ம் போய்விடும்.

பாவலர் என்ன செய்தார்? கொடுத்த அடியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதற்கு முந்தைய அடியின் முடிவில் இராமனின் தம்பிகளைக் கொண்டுவந்து, கடைசியாக ‘சத்’ என்று இரண்டே எழுத்துகளை வைத்தார். அடுத்த அடி துருக்கன் என்று தொடங்குகிறது இல்லையா? இரண்டும் சேர்ந்ததும் சத்துருக்கன் ஆகிவிட்டது. இராமாயணத்தில் இராமனின் கடைசித் தம்பி. தம்பிகளுக்கு அண்ணன் இராமன் துணை. இதில் யாருக்கு என்ன பிரச்சினை?

யோசித்துப் பாருங்கள். அந்த விடைக்கு மூன்று விஷயங்கள் தேவை. இராமாயணம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சொல்லை அடியின் எல்லையில் உடைத்து, மீதியை அடுத்த அடிக்குக் கொண்டுபோகலாம் என்ற யாப்பு அறிவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், கேள்வியில் இருந்த குத்தலைக் கண்டுகொள்ளாமல், அதை எழுத்துகளாக மட்டும் பார்க்கிற நிதானம் வேண்டும். கேட்டவரை அவமானப்படுத்தாமலேயே ஜெயித்துவிட்டார்.

நிஜமாகவே இது மல்டி டாஸ்கிங்கா?

இல்லை. மனித மூளை இரண்டு கடினமான வேலைகளை ஒரே நொடியில் செய்வதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் நேரமும் கவனமும் செலவாகின்றன. மெயில் அடித்துக்கொண்டே மீட்டிங்கில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அப்படியென்றால் அவதானி என்ன செய்கிறார்? விட்ட இடத்தை மறக்காமல் திரும்பி வருகிறார். மணி 14 என்ற எண் ஓர் ஓரத்தில் நிற்கும். வெண்பாவின் இரண்டாம் அடி இன்னொரு பக்கம். கணக்கின் பாதி விடை வேறொரு பக்கம். யார் எப்போது குறுக்கிட்டாலும் அந்தந்த நூலைப் பிடித்துக்கொண்டு தொடர வேண்டும்.

நம் தற்காலிக நினைவில் ஒரே நேரத்தில் ஏழு விஷயங்கள், கூடக்குறைய இரண்டு, நிற்கும் என்று ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956-ல் எழுதினார். அந்த இடத்தைப் பெரிதாக்குவதைவிட, விஷயங்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டி வைப்பதுதான் எளிது. 10 இலக்க போன் நம்பரை நாம் மூன்று, நான்கு துண்டுகளாகச் சொல்வது அதனால்தான். பாவலருக்கு வெண்பா என்ற அமைப்பே ஒரு கொத்து. 15 சீர்களைத் தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை. எதுகையும் தளையும் அடுத்த சீரைத் தாமாகவே இழுத்துக்கொண்டு வரும்.

செஸ் வீரர்களை வைத்து 1973-ல் அமெரிக்காவில் வந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்றும் இதையே காட்டுகிறது. நிஜமான ஆட்டத்தின் நிலையைச் சில நொடிகள் காட்டினால், மாஸ்டர்கள் காய்களை அப்படியே திரும்ப அடுக்கினார்கள். அதே காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது, சாதாரண ஆட்டக்காரர்களைவிடப் பெரிதாக ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. அவர்கள் பழகியது செஸ். அதனால் நினைவு செஸ்ஸில்தான் கூர்மையாக இருந்தது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். புதிர் ஆப்களைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

மேடைக்கு வெளியே பாவலர்

அவர் காலத்தில் தமிழுலகத்தை இரண்டாகப் பிரித்த சண்டை, அருட்பா–மருட்பா விவாதம். வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களைத் திருவருட்பா என்று அழைப்பது சரியா என்று தொடங்கியது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதை எதிர்த்தார். இருவரும் மறைந்த பிறகும் சண்டை ஓயவில்லை. நாவலர் தரப்பில் வலுவாகப் பேசியவர் நா. கதிரைவேற்பிள்ளை. திரு.வி.க.வின் ஆசிரியர். அவரும் சதாவதானி என்று பெயர் பெற்றவர்தான். எதிர்ப்பக்கம் அருட்பாவுக்காகப் பேசியவர்களில் ஒருவர் பாவலர்.

இரண்டு அவதானிகள், இரண்டு பக்கம். ஒரு சைவ விவாதத்தில், வள்ளலாரின் பாடல்களுக்காக ஒரு முஸ்லிம் புலவர் மேடை ஏறினார். வள்ளலார் மறைந்த 1874-ல்தான் பாவலர் பிறந்தார் என்பது ஒரு தற்செயல்.

பின்னாளில் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபாடு காட்டினார். காந்தியின் வழியை ஏற்றுக் கதர் உடுத்தினார். பனியனுக்கு முன்னால் திருப்பூருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த துணியும் அதே கதர்தான். அன்றைய தென்னிந்தியாவில் கதர் வியாபாரத்தின் பெரிய மையங்களில் ஒன்று நம் திருப்பூர்.

எழுத்தையும் விடவில்லை. கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ், நாகைக் கோவை, சம்சுத்தாசீன் கோவை, திருநாகூர்த் திரிபந்தாதி என்று பட்டியல் நீள்கிறது. இதில் திரிபந்தாதி என்ற வகையைக் கவனியுங்கள். நான்கு அடிகளிலும் முதல் எழுத்து மட்டும் மாறும். அடுத்த சில எழுத்துகள் அப்படியே திரும்ப வரும், ஆனால் பொருள் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வேண்டும். இறைவணக்க நூலும் அதுவே, சொற்புதிர் நூலும் அதுவே.

1950 பிப்ரவரி 13-ம் தேதி, 75 வயதில் பாவலர் மறைந்தார்.

சரி, புதிர் போட்டால் மறதி வராதா?

இங்கேதான் ஆப் விளம்பரங்களை நம்புவதற்கு முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆய்வுகள் சொல்வது கலவையான பதில்.

ஆக்டிவ் ஆய்வு, அமெரிக்கா: 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேர் பங்கேற்றார்கள். நினைவு, பகுத்தறிதல், வேகம் என்று தனித்தனிப் பயிற்சி. 2002-ல் வந்த முடிவுப்படி, எதில் பயிற்சி எடுத்தார்களோ அதில் முன்னேறினார்கள். மற்றதற்கு அது தாவவில்லை. செஸ் ஆய்வு சொன்னதும் இதுதான்.

அபர்டீன் ஆய்வு, ஸ்காட்லாந்து: 1936-ல் பிறந்த 498 பேரைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியானது. வாழ்நாள் முழுக்கப் புதிர், வாசிப்பு என்று இருந்தவர்களுக்கு முதுமையில் அறிவுத்திறனின் தொடக்கப்புள்ளி உயரமாக இருந்தது. ஆனால், அதற்குப் பிறகு திறன் குறைகிற வேகத்தைப் புதிர் தடுக்கவில்லை. பேங்க் பேலன்ஸ் அதிகம் உள்ளவருக்குச் செலவு அதே வேகத்தில் போனாலும், காசு தீர நாளாகும் இல்லையா? அப்படி.

குறுக்கெழுத்து ஆய்வு, 2022: லேசான மறதி தொடங்கிவிட்ட 107 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் குறுக்கெழுத்தும் இன்னொரு குழுவுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டும் 78 வாரங்கள் கொடுத்தார்கள். குறுக்கெழுத்துக் குழு மேலாக இருந்தது. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால், சிறிய ஆய்வு.

ஹைதராபாத் ஆய்வு, 2013: 648 டிமென்ஷியா நோயாளிகளின் விவரத்தைப் பார்த்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக 4.5 ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது.

சிம்பிளாகச் சொன்னால், புதிர் ஒரு நல்ல பழக்கம். மருந்து கிடையாது. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் டிமென்ஷியாவுக்குக் காரணமாகக்கூடிய, நாம் மாற்றக்கூடிய 14 விஷயங்களைப் பட்டியலிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்காமை, உடலுழைப்பு இல்லாமை, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. அப்பத்தாவுக்குக் காது மந்தமாக இருந்தால், புதிர் புத்தகத்துக்கு முன்னால் காது டாக்டரிடம் கூட்டிப்போவது முக்கியம். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, காசுக் கணக்கில் புதிதாகக் குழம்புவது என்று இருந்தால் வயசாயிடுச்சு என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

குழந்தைகளுக்கு?

புதிர் போட்டால் மேத்ஸ் மார்க் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொல் விளையாட்டு, சொல்லைத்தான் வளர்க்கும். ஆனால், அதுவே பெரிய லாபம். வீட்டில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ் என்று இருக்கிற பிள்ளைக்குத் தமிழ்ச் சொற்கள் வேறு எங்கிருந்து வரும்? பாவலர் கதையும் இதே மாதிரிதான். பள்ளிக்கூடம் தராத தமிழை, சொல்லித்தர ஆள் இருந்ததால் அவர் பெற்றார்.

பல வீடுகளில் அந்த ஆள் அப்பத்தாவோ அம்மாயியோ தாத்தாவோதான். பிள்ளைக்குத் தெரியாத சொல் அவர்களிடம் நிறைய இருக்கிறது. அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டிலேயே மினி அவதானம்: 4 விளையாட்டுகள்

1. ஒரு சொல், பல பொருள்: ஆறு, படி, மாலை, திங்கள், நகை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை பொருள் என்று மாறி மாறிச் சொல்லுங்கள். அடுத்த கட்டமாக, பிரித்தால் பொருள் மாறும் சொற்கள். தாமரை என்றால் பூ. தா, மரை என்று பிரித்தால் தாவுகிற மான். பலகை என்றால் மரம். பல கை என்றால் நிறையக் கைகள். சத்துருக்கன் வித்தையின் முதல் படி இதுதான்.

2. கலைந்த எழுத்து: வாயாலேயே விளையாடலாம். மூன்றாவது எழுத்து ண, முதல் எழுத்து ப, நான்காவது ம், இரண்டாவது ய. என்ன சொல்? பயணம். பிள்ளைக்கு 3 எழுத்தில் தொடங்குங்கள். பெரியவர்களுக்கு நடுவில் வேறு பேச்சுக் கொடுத்துவிட்டு மீதி எழுத்தைச் சொல்லுங்கள்.

3. அந்தாதி: ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல். படகு, குருவி, விசிறி... அவ்வளவுதான், மாட்டிக்கொண்டீர்கள். றகரத்தில் தொடங்கும் தமிழ்ச் சொல் கிடையாது. ண, ழ, ள, ற, ன எல்லாம் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கணத்தைப் பிள்ளை விளையாட்டிலேயே பிடித்துக்கொள்ளும். எதிராளியை அந்த எழுத்தில் மாட்டவைப்பதுதான் கேம்.

4. டம்ளர் கணக்கு: அப்பத்தா கதை சொல்லும்போது, இடையிடையே ஒருவர் டம்ளரை ஸ்பூனால் தட்ட வேண்டும். கதை முடிந்ததும் பிள்ளை கதையையும் சொல்ல வேண்டும், எத்தனை தட்டு என்றும் சொல்ல வேண்டும். அடுத்த நாள் பிள்ளை கதை சொல்லட்டும், அப்பத்தா எண்ணட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதைப் பரீட்சை ஆக்கிவிடாதீர்கள். பெரியவர்கள் ஒரு சொல்லை மறந்து தடுமாறும்போது, இதுகூட ஞாபகம் இல்லையா என்று யாராவது சிரித்தால், அடுத்த நாள் விளையாட வர மாட்டார்கள். டைமர் வேண்டாம், ஸ்கோர் போர்டு வேண்டாம்.

இன்று பாவலர் எங்கே இருக்கிறார்?

இடலாக்குடியில் அவர் பெயரில் அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. அவருக்கு மணிமண்டபமும் இருக்கிறது. 2008-ல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. அவருடைய நூல்கள் எல்லாம் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டன. அதாவது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சந்தா கிடையாது.

நாகர்கோவில் பக்கம் போனால் அந்த மணிமண்டபத்தை ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். போக முடியாதவர்கள், இன்று சாயங்காலம் வீட்டில் இருக்கிற மூத்தவரிடம் ஒரு விடுகதை போடச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு விடை தெரியாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம்.